சாய்வு நாற்காலியில் தூங்கியவர்

மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கோப் அறையில் பதினாறு வருஷமாக நான் நர்ஸ். நம் ஆட்கள் வாயில் மிஸ்ஸி. வாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை இறக்கி வயிற்றுக்குள் பார்க்கும் அறை அது. நோயாளிக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை, ஊசி போட்டு அரைத்தூக்கத்தில் வைப்போம். டாக்டர் திரையில் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சைப் பார்ப்பது என் வேலை. விரலில் மாட்டிய கிளிப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் மானிட்டர் ஒரு 'டிங்' சொல்லும். ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் அந்த டிங் மேல் சுருதியில் ஒலிக்கும். குறையக் குறைய சுருதி கீழே இறங்கும். எண்ணைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம், காதே சொல்லிவிடும். இந்தப் பழக்க தோஷத்தில், வீட்டில் மைக்ரோவேவ் அடித்தால்கூட "ம், தொண்ணூத்தெட்டு" என்று சொல்லி மகளிடம் திட்டு வாங்குகிறவள் நான்.

அந்த வியாழக்கிழமை காலை, மூடிய கதவுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர் நோயாளி என்றால் உள்ளே நிற்கக்கூடாது என்பது எங்கள் யூனிட்டின் சட்டம். உள்ளே படுத்திருந்தது என் வீட்டுக்காரர். டிங், டிங், டிங் என்று நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஒரு படி இறங்கியது. இன்னொரு படி. தொண்ணூறு என்றது என் காது. எண்பத்தைந்து. எழுந்து நின்றேன். எழுபதுகளுக்குப் போனபோது நாடிச் சத்தம் தவில் அடிப்பதுபோல மந்தமாகக் கேட்டது, உள்ளே யாரோ ஓடினார்கள், "குழாய வெளிய எடு!" என்று டாக்டர் கத்தியது சுவரைத் தாண்டி வந்தது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவருடைய உதடு நாவல்பழம் தின்ற உதடாக இருந்தது. என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் தோழி அவர் தாடையை இரண்டு கையாலும் முன்னுக்கு இழுத்துப் பிடித்திருந்தாள், டாக்டரே காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தார். அரை நிமிஷம்தான் ஆகியிருக்கும். அதற்குள் என் பாதி உயிர் போய்விட்டது. சுருதி மெல்ல ஏறியது. தொண்ணூற்றைத் தாண்டியதும் நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். காப்பாரில் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர். காலை நேரப் பள்ளிக்கு ஒரு நடை, மத்தியானப் பள்ளிக்கு ஒரு நடை, நடுவில் வீட்டுக்கு வந்து ஒரு தூக்கம். ஆள் பெரிய ஆள். ஸ்டியரிங்குக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவே ஒரு தோசை போகும், ஊத்தப்பம் போகாது. அந்தக் கனத்தைத் தாங்கித் தாங்கி முட்டி வலி வந்து, எனக்குத் தெரியாமல் கடையில் வலி மாத்திரை வாங்கி மாசக்கணக்கில் முழுங்கியிருக்கிறார். மலம் கறுப்பாகப் போனதையும் இரண்டு வாரம் மறைத்தார். ஒரு நாள் காலையில் பாசாரில் மீன் வாங்கும்போது தலை சுற்றி, கெம்போங் மீன் கூடையோடு உட்கார்ந்ததும்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. ரத்தம் பாதியாகியிருந்தது. இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றில் எங்கோ புண் கசிகிறது, ஸ்கோப் விட்டுப் பார்த்துக் கசிவை அடைத்தால்தான் ஆள் தேறுவார். அதற்குத்தான் அந்த வியாழக்கிழமை. அது பாதியிலேயே நின்றுபோனது.

கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் பொருள் அவருடைய சட்டை.

"தண்ணிக்குள்ள முங்கின மாரி இருந்துச்சு. இனி செத்தாலும் அந்த பெட்டுல படுக்க மாட்டேன்."

"ஏங்க, ரத்தம் இன்னும் கசியுதுங்க."

"கசியட்டும் லா. மருந்து குடு, குடிக்கிறேன். குழாய் வேணாம்."

ஏ.ஓ.ஆர். ஃபாரத்தைக் கேட்டு வாங்கினார். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போடும் தாள் அது. அதை நீட்டுகிறவர்களுக்கெல்லாம் பதினாறு வருஷமாக நான் புத்தி சொல்லியிருக்கிறேன். அன்று என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட, சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். எனக்கு வந்த கோபத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது.

காப்பாருக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கோபம் ஆறவில்லை. கோபம் அவர் மேல் மட்டுமில்லை. ஸ்கோப்புக்கு முன்னால் நிரப்பும் தாளில் இரண்டு கேள்வி உண்டு. எடை எவ்வளவு, தூக்கத்தில் குறட்டையோ மூச்சு நிற்பதோ உண்டா. எடைக்கு நேரே அவர் நூற்றெட்டு என்று எழுதினார். கோயிலில் நூற்றெட்டு சங்காபிஷேகம் நடத்துகிற மாதிரி அழகாக எழுதினார், நான் கண்டும் காணாமல் விட்டேன். குறட்டைக்கு நேரே 'இல்லை'. என் தோழி என்னைப் பார்த்து, "உண்மையாவா?" என்று கேட்டாள். "இப்பல்லாம் அவருக்கு கொறட்ட இல்ல லா" என்று நானே வாயால் சொன்னேன். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், அவருடைய குறட்டையில் தூக்கம் கெட்டு வேலையில் தள்ளாடுகிறேன் என்று மகளின் அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டவள் நான். அதற்குப் பிறகு அவர் ஹாலில், டிவிக்கு முன்னால் இருக்கும் சாய்வு நாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். ஹாலிலிருந்து பெரிய சத்தம் வரவில்லை. குறட்டை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் பெண்ணே, உனக்கில்லையடி கண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். கஞ்சி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார், ஐந்து நிமிஷத்தில் தூங்கிப்போனார். முகம் வெளிறிக் கிடந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது என்று மேசை டிராயரை இழுத்தேன். கோவிட் சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப், அது கிடந்தது. பேட்டரி மாற்றி அவர் விரலில் மாட்டினேன்.

தொண்ணூற்றைந்து. கொஞ்சம் பொறுத்துத் தொண்ணூற்று நாலு. திரும்பத் தொண்ணூற்றைந்து. நன்றாகத் தூங்குகிறார், ஊசியில்லாமல் அடித்துப்போட்ட தூக்கம், ஆனாலும் எண் அசையவில்லை! வியாழக்கிழமை எழுபதுக்குப் போன அதே மனிதர். தட்டி எழுப்பினேன்.

"எந்திரிங்க. போயி கட்டில்ல படுங்க."

"கட்டில்லயா? அங்க எனக்கு ஒத்துக்காது."

"ஏன் ஒத்துக்காது?"

அவர் டிவியைப் பார்த்தார். டிவி அணைத்துக் கிடந்தது.

"மூச்சு முட்டுது லா. முன்ன நீ பக்கத்துல இருந்தப்ப, எனக்கு மூச்சு நின்னா முழங்கையால ஒரு இடி இடிப்ப. நான் திரும்பிப் படுத்துக்குவேன். நீ அந்த ரூமுக்குப் போனப்புறம் யாரு இடிக்கிறது? ரெண்டு மூணு தடவ முழிச்சு பயந்துட்டேன். அதான் இங்க."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ திரும்ப வந்து படுத்து, தூக்கம் கெட்டு, வேலைக்குப் போவ. எதுக்கு?"

ஆறு வருஷம் நான் அவரை டிவி பைத்தியம் என்று கேலி செய்திருக்கிறேன். அந்த மனிதர் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள உட்கார்ந்து தூங்கியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு பரபரப்பு வந்து அந்த வெட்கத்தைத் தள்ளிவிட்டது. என் கையில் பாதி விடை கிடைத்துவிட்டது!

கெஞ்சிக் கூத்தாடி அவரைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தேன். மறுபடி தூங்கியதும் ஆரம்பித்தது குறட்டை. ஜன்னல் கண்ணாடி அதிரும் குறட்டை. திடீரென்று நின்றது. மார்பு ஏறி இறங்குகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. நாக்கும் கழுத்துச் சதையும் தொண்டையை அடைத்துவிட்டன. எண்பத்தெட்டு, எண்பத்துநாலு, எழுபத்தொன்பது. ஒரு இடி இடித்தேன். உர்ர்ரென்று மூச்சை இழுத்துத் திரும்பினார், எண் ஏறியது. பிறகு, ஸ்கோப்புக்குப் படுக்க வைப்பதைப்போல இடது பக்கமாகத் தட்டையாகப் படுக்க வைத்தேன். எண்பத்தேழு. நாங்கள் வியாழக்கிழமை படுக்க வைத்தது இப்படித்தான், அதுவும் ஊசியைப் போட்டு.

அடுத்து நாற்காலியைக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். மகளின் ஜியோமெட்ரி பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்து ஹால் நாற்காலியின் சாய்வை அளந்தேன். முப்பத்தைந்து பாகை, கொஞ்சம் கூடவே இருக்கும். வீட்டிலிருந்த தலையணை எல்லாவற்றையும் கட்டிலில் அடுக்கினேன். கம்பளியை மடித்தேன், குளியல் துண்டு இரண்டைச் சுருட்டித் தோளுக்குக் கீழே கொடுத்தேன். இடுப்பிலிருந்து தலைவரை ஒரே ஏற்றம், காது நெஞ்செலும்புக்கு நேராக வரும் உயரம். அதன் மேல் அவரை இடது பக்கமாகச் சாய்த்தேன்.

"பஸ்ஸ இன்ஸ்பெக்ஷன் பண்ற மாரில்ல பண்றா" என்று முனகினார்.

"வாய மூடிட்டுத் தூங்குங்க."

தூங்கினார். குறட்டை வந்தது, ஆனால் நிற்கவில்லை. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நாலு. கால் மணி நேரம் பார்த்தேன், தொண்ணூற்று மூன்றுக்குக் கீழே ஒரு தடவைகூடப் போகவில்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. மகளின் கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். டியூஷனிலிருந்து வந்த மகள், அப்பா தலையணை மலையில் கிடப்பதையும் அம்மா பாகைமானியோடு ஹாலில் குதிப்பதையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமைவரை பொறுக்க என்னால் முடியவில்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரும் மயக்க டாக்டரம்மா ஒருவர் உண்டு. என்னைவிடச் சின்ன வயசு, என்னை அக்கா என்பார். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது. நாளைக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அம்மா வீட்டில் இருப்பேன், அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. ஞாயிற்றுக்கிழமை காலை பிரிக்ஃபீல்ட்ஸில் காரை நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றினோம். ஒவ்வொரு சுற்றிலும் அவர் "வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். நான்காவது சுற்றில் முருகன் ஒரு இடம் கொடுத்தார்.

டாக்டரம்மா வரச் சொன்ன ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா நோட்டை இரண்டு தடவை படித்தார். அவர் கண் பளபளத்தது.

"அக்கா, சோதனைய வீட்டுலயே பண்ணி முடிச்சிட்டீங்களே! இனி இதெல்லாம் வேணாம், சரியா? ஆபத்து. ஆனா எனக்கு இது ரொம்ப உதவும்." பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "அண்ணே, வெயிட் எவ்ளோ?"

"நூத்தெட்டு."

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ. "பதிமூணு மூட்ட அரிசி, ஆறு பாக்கெட் சீனி!" என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. விளக்கினேன். மகள் பரீட்சையில் நன்றாகச் செய்தால் அப்பாவின் எடைக்கு எடை துலாபாரம் என்று கிள்ளான் கோயிலில் வேண்டுதல். போன வருஷம் கொடுத்தோம். தராசின் ஒரு தட்டில் இவர், மறு தட்டில் பத்துக் கிலோ அரிசி மூட்டைகள். கொண்டுபோன பத்து மூட்டையும் ஏறியாயிற்று, இவர் தட்டு தரையை விட்டு எழும்பவில்லை. இன்னும் இரண்டு மூட்டைக்கு ஆள் ஓடினார், பிறகு ஒன்று, கடைசியில் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு கிலோ சீனி பாக்கெட்டுகள். ஆறாவது பாக்கெட்டில் தட்டு அசைந்தபோது நாதஸ்வரக்காரரே சிரித்துவிட்டார். ஆக நூற்று முப்பத்தாறு கிலோ. சாமி சந்நிதியில் நிறுத்த எடை, அதில் பொய் வராது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு தோசையைப் பிய்த்தார். காது சிவந்துவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"அண்ணே, வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இந்த நம்பர் எனக்கு வேணும். இங்க பாருங்க." தே ஐஸ் என்னும் ஐஸ் டீ கிளாஸிலிருந்த ஸ்ட்ராவை எடுத்து ஊதிக் காட்டினார், பிறகு நடுவில் விரலால் நசுக்கினார். "உங்க தொண்ட இதான். உக்காந்தா தெறந்திருக்கும். தட்டையா படுத்து, மேல மருந்தும் குடுத்தா நசுங்கும். வயிறு வேற நுரையீரல மேல தள்ளும், அதனால உள்ள காத்து ஸ்டாக் கம்மி. மத்தவங்களுக்கு மூச்சு நின்னா கொஞ்ச நேரம் தாங்கும். உங்களுக்கு சீக்கிரமா எறங்கிடும். அன்னைக்கு அதான் நடந்துச்சு."

"அப்போ என்னா பண்றது?"

"நீங்க வீட்டுல எப்படி தூங்குறீங்களோ அப்படியே படுக்க வைக்கிறேன். அக்கா அளந்த அதே சாய்வு. தூங்கறதுக்கு முன்னாடியே ஆக்சிஜன் நெறைய குடுத்து ஸ்டாக் ஏத்துவேன். மூக்குல சூடான, ஈரமான காத்து வேகமா போயிட்டே இருக்கும், ஸ்கோப் முடியற வரைக்கும். மருந்து கொஞ்சங்கொஞ்சமா. ஒரு ஆளு உங்க தாடைய விட்டு நகர மாட்டாங்க."

தோசை ஆறிப்போனது. பிறகு என் வீட்டுக்காரர் என்னைக் காட்டினார்.

"இவ உள்ள இருப்பாளா?"

சட்டம் இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "இருப்பாங்க. ஆனா அக்கா, கை வைக்கக்கூடாது. செவுத்தோரமா நிக்கணும். கண்ணும் காதும் மட்டும்."

"அப்போ வரேன்" என்றார் அவர். எனக்கு அந்தக் கடையின் சாம்பார் வாளிக்காரரைக் கட்டிப்பிடிக்கலாம்போல இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. ஸ்கோப் அறையில் தலையணைச் சாய்வு தயாராக இருந்தது. என் தோழி என் பாகைமானியை வாங்கி வைத்து அளந்தாள், கிண்டலுக்குத்தான், ஆனாலும் அளந்தாள். அவர் ஏறி இடது பக்கமாகச் சாய்ந்தார். "ஏய், இது நம்ம ஹால் மாரியே இருக்கு" என்றார். மூக்கில் அகலமான குழாய் மாட்டி, காற்று புஸ்ஸென்று ஓடத் தொடங்கியது. பல்லுக்கு நடுவே குழாய் போக ஓட்டை உள்ள கடிகட்டை வைத்தார்கள், அதிலிருந்து ஒரு மெல்லிய குழல் இன்னொரு மானிட்டருக்குப் போனது. அவர் விடும் மூச்சை அது அலை அலையாகத் திரையில் காட்டும். விரல் கிளிப், மூச்சு நின்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொல்லும். அலை அப்போதே சொல்லிவிடும். வியாழக்கிழமை எங்களிடம் அந்த அலை இல்லை.

மருந்து கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். அவர் கண் சொருகியது. குழாய் இறங்கியது. டிங், டிங், டிங். மேல் சுருதி. தொண்ணூற்றொன்பது. சுவரில் முதுகை ஒட்டி நின்றேன், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அலை, அலை, அலை. உணவுக்குழாய் தாண்டியது. இரைப்பை வந்தது. திரையில் எல்லோருடைய கண்ணும் போனது. "அதோ," என்றார் ஸ்கோப் டாக்டர். புண். நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி, அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் மட்டும் அலையைப் பார்த்தேன், அது சின்னதாகி, அடுத்தது இன்னும் சின்னதாகி, கோடாகிவிட்டது. டிங் அதே சுருதியில்தான் ஒலித்தது! எண்ணும் தொண்ணூற்றொன்பதுதான்!

"தாட!" என்று அலறினேன்.

தோழியின் கை அதே கணம் இறுகியது. தாடை முன்னுக்கு வந்தது, டாக்டரம்மா அவர் தலையை லேசாக நிமிர்த்தினார். ஒரு கணம். கோட்டில் ஒரு சின்ன மேடு எழுந்தது. பிறகு அலை. பிறகு முழு அலை. சுருதி இறங்கவே இல்லை. அது இறங்குமோ என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது, இறங்கவே இல்லை! ஸ்கோப் டாக்டர் குழாயை அசைக்காமல் அப்படியே பிடித்திருந்தார். "போலாமா?" என்று கேட்டார். "போங்க டாக்டர்" என்றார் டாக்டரம்மா. குழாய் வழியாக ஒரு சின்ன கிளிப் இறங்கி, அந்தச் சிவப்புப் புள்ளியைக் கவ்வியது. இன்னொன்றும் கவ்வியது. கசிவு நின்றது. கழுவிப் பார்த்தார்கள், திரும்பவும் கழுவிப் பார்த்தார்கள், நின்றேவிட்டது. அறையில் கைதட்டும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அன்று யாரோ தட்டினார்கள். நானாகத்தான் இருக்கும்.

கண் விழித்ததும் இந்தத் தடவை சட்டையைக் கேட்கவில்லை.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சது. அடச்சாச்சு."

"எவ்ளோ எறங்குச்சு?"

"தொண்ணூத்தொம்பது. அதுக்குக் கீழ போகவே இல்ல."

கொஞ்சம் யோசித்தார். "நான் படிச்ச காலத்துல எந்தப் பாடத்துலயும் அவ்ளோ வாங்கினதில்ல லா" என்றார். நான் சிரித்து, சிரிப்பு அழுகையாகி, தோழி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பிறகு தூக்கப் பரிசோதனை. மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது என்று எண்ணும் சோதனை அது. அதன் முடிவு வரும்வரை பஸ் ஓட்டக்கூடாது என்றார் டாக்டரம்மா. தூக்கத்தை விரட்ட பஸ் ஓட்டும்போது பச்சைமிளகாயைக் கடிப்பதுண்டு என்று அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். பின்னால் நாற்பது பிள்ளைகள்! அன்று வாங்கிய திட்டை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டார். முகமூடி வைத்து மூச்சுக் குழாயைத் திறந்தே வைத்திருக்கும் மிஷின் வந்தது. இரண்டு மாசத்தில் பச்சைமிளகாய் இல்லாமல் பஸ்ஸும் வந்தது. நாற்காலி ஹாலில் காலியாகக் கிடக்கிறது, துணி மடித்துப் போடுகிறோம்.

புண் ஆறிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஸ்கோப்புக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அன்று நான் வேலையில் இருந்தேன், அவர் வெளியே காத்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் காஜாங்கிலிருந்து வந்த ஒருவர், இவருக்குச் சமமான உடம்பு, மனைவியோடு உட்கார்ந்து தாளை நிரப்பிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்து அடுத்த பெயரைக் கூப்பிட வந்த என் காதில் அந்தம்மாவின் குரல் விழுந்தது.

"இல்லன்னு போடுங்க. இப்பல்லாம் உங்களுக்குக் கொறட்ட இல்லதானே."

கதவில் கை வைத்தபடி நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க எந்த ரூம்ல தூங்குறீங்க?"

அந்தம்மா முறைத்தார். முன்பின் தெரியாத ஆள் கேட்கும் கேள்வியா அது. "பிள்ளைங்க ரூம்ல. ஏன்?"

"அண்ணன்?"

காஜாங்காரர்தான் சொன்னார். "சோபாவுல. உக்காந்துகிட்டேதான் boss. படுத்தா முடியல."

"அப்ப 'ஆமா'ன்னு போடுங்க boss. வெயிட்டையும் உண்மைய எழுதுங்க. என்னப் பாருங்க, பதிமூணு மூட்ட அரிசி, ஆறு பாக்கெட் சீனி. இப்ப ரெண்டு பாக்கெட் கொறஞ்சிருக்கு." கூடத்தில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று அவர் கவலைப்படவில்லை. என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மிஸ்ஸி, இங்க வா! இவருக்கும் அந்தச் சாய்வு வேணும்!"

போனேன். தாளை வாங்கி 'இல்லை'யை அடித்தேன், எடையை அடித்தேன், மேலே பெரிதாக மயக்க டாக்டர் வேண்டும் என்று எழுதினேன். அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மிஸ்ஸி, நான் சத்தம் தாங்காமதான் போனேன். தெரியாது மிஸ்ஸி. இப்ப என்னா பண்றது?"

"அன்னைக்கு எனக்கும் தெரியாதுமா," என்றேன். "டாக்டர் சொல்றத செய்யலாம். அதுவரைக்கும் பழைய ரூமுக்கே திரும்பிப் போங்க. முழங்கை இருக்குல்ல, அத எடுத்துட்டுப் போங்க."